உங்கள் தங்கை ஃபோர்டு பக்கம் நின்ற விவகாரம்

மதிப்பிற்குரிய மச்சான் ரோலண்ட் தோர்ஸ்கார்ட் அவர்களுக்கு,

நியூ ஹாலிங்கிலிருந்து உங்கள் தங்கை லவோனின் கணவன் வெர்லின் ஹாக்ஸ்டட் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். யாவரும் என்று சொல்ல இப்போது இங்கே நானும் பூனையும்தான் இருக்கிறோம், அதிலும் பூனை சரியாகச் சாப்பிடுவதில்லை. அங்கு நீங்களும், உங்கள் முழங்காலும், உங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மேசன் சிட்டியில் பனி குறைந்ததா? இங்கே குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "அவ நல்லாத்தான் இருக்கா மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல, மெல்ல வரட்டும்" என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் வாய் நிறைய ஏதோ இருந்தது. ஆப்பிள் பை என்பது என் ஊகம். உங்கள் வீட்டு அக்கா காலமான பிறகு நீங்கள் டப்பா சூப்பைச் சூடுபண்ணிக் காலம் தள்ளுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறவன் நான். ஆனால் அந்தக் குறையை என் வீட்டுக்காரியை வைத்துத் தீர்த்துக்கொள்வது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. ஆகவே கூட்டத்துக்குத் தலைமை வகித்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி, யார் பக்கமும் சாயாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு அவளை அனுப்பி வைக்கவும்.

ஜனாதிபதிகள் தினத்துக்கு எங்கள் லூத்தரன் கோயிலின் நிலவறையில் வருஷா வருஷம் விருந்து நடப்பது நீங்கள் அறிந்ததே. பன்றித் தொடைக்கறி, பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு மேஜை முழுக்க இனிப்பு, முடிவில் யாராவது ஒரு படித்த மனிதரின் உரை. அந்த உரையில் பாதிப் பேர் தூங்குவோம், மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம், யாருக்கும் யாருடனும் மனஸ்தாபம் வராது. இந்த வருஷம் உரையாற்ற வேண்டியவர் பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வர முடியாது என்று சொல்லியனுப்பினார். சாப்பிட்டு முடித்த அத்தனை பேரும் செய்ய ஒன்றுமில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. தீவனக் கடை ஹார்லன் கிரிம், உங்களுக்குத் தெரிந்தவன்தான், பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, "என்னதான் சொல்லுங்க, ரீகனுக்கு அப்புறம் நாட்டுக்கு ஒரு ஜனாதிபதி வாய்க்கல" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ரீகனுக்கு முன்னாடி ட்ரூமன்னு ஒருத்தர் இருந்தாரு, கேள்விப்பட்டிருக்கியா?" என்றேன்.

எங்கள் கோயிலின் போதகரான பாஸ்டரம்மா வயதில் சின்னவள், சமாதானப் பிரியை. பேச்சு எங்கே போகும் என்று உடனே புரிந்துகொண்டு எழுந்தாள். "செத்துப்போனவங்களப் பத்தி மட்டும் பேசுங்க. உயிரோட இருக்கிறவங்க பேர எடுத்தா காபி கெடையாது" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டாம் மகா யுத்தத்துக்குப் பிற்பட்டவர்களில், மண்ணுக்குள் போய்விட்டவர்களில், யார் உத்தமர் என்பதே கேள்வி என்று முடிவாயிற்று. கார்ட்டர் அண்மையில்தான் காலமானார் என்பதால் அவரும் தகுதி பெற்றார். இதில் பாட்டுக் குழுத் தலைவி மார்ஜீனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஒரு கிறிஸ்தவருக்கு உகந்ததாக எனக்குப் படவில்லை.

இனி எப்படி முடிவு செய்வது என்ற பிரச்சினை. வேறு மாநிலமாயிருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் போட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாம் அயோவாக்காரர்கள். கட்சி வேட்பாளரை மூலைக்கு மூலை ஆள் நின்று, தலையை எண்ணி, சிறிய கூட்டத்தைக் கலைத்து, கலைந்தவர்களைப் பெரிய கூட்டத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துத் தேர்ந்தெடுத்தே வளர்ந்தவர்கள். அதையும் இப்போது தபாலுக்கு மாற்றிவிட்டார்கள், யாருக்கும் கால் வலிப்பதில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒவ்வொரு தடவையும் தலைமை வகித்தவன் நான் என்பதையும், என் எண்ணிக்கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். "நம்ம பழைய முறையிலேயே நின்னு பாத்துடலாமே" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். நாற்காலிகளை ஒதுக்கினோம்.

மாடிப்படி மூலை ட்ரூமனுக்கு. காபி அண்டா மூலை ஐசனோவருக்கு. நெடுஞ்சாலை போட்ட மனிதர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நீங்கள் அவர் பக்கம் என்பதும் தெரியும். பியானோ மூலை கார்ட்டருக்கு. வீட்டில் அனலைக் குறைத்துக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர். அந்த மூலையில் ஜன்னல் ஒழுங்காக மூடாது, பாட்டுக் குழு முழுவதும் கொள்கைக்காக நடுங்கிக்கொண்டு நின்றது. ஹார்லன் கணப்படுப்பு இருக்கும் மூலையை ரீகனுக்குப் பிடித்துவிட்டான், அதுதான் சூழ்ச்சி. மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும் சூட்டுக்காக அங்கே போய் நின்றார்கள், நின்ற பிறகு கொள்கையும் வந்துவிட்டது. நான் ஆட்சேபித்தேன். "ரேடியோல உக்காந்துக்கிட்டுப் பாக்காத பந்தாட்டத்தப் பாத்த மாதிரி சொன்ன மனுஷன் உங்காளு" என்றேன். "நம்ம டெ மாய்ன் ரேடியோலய்யா சொன்னாரு, அந்த மரியாதையாச்சும் இருக்கட்டும்! ஒங்காளு கடைசி வரைக்கும் மாமியா வீட்ல வீட்டோட மாப்பிள்ளையா இருந்தவருதானே?" என்றான். நிலவறையே சிரித்தது. ட்ரூமன் மனைவியின் குடும்ப வீட்டில் வாழ்ந்தது உண்மைதான், அது ஒரு மனிதனின் அடக்கத்தைக் காட்டுகிறது என்று விளக்க எனக்கு அவகாசம் தரப்படவில்லை.

எண்ணினேன். சமையலறையில் இருந்த பெண்கள் உள்ளேயிருந்தே சொன்ன பக்கத்தில் அவர்களையும் சேர்த்தேன். ட்ரூமனும் ரீகனும் சமம். ஐசனோவரும் கார்ட்டரும் கொஞ்சம் பின்னால், ஆனாலும் கலைக்கத் தேவையில்லாத அளவுக்குத் தேறிவிட்டார்கள். எல்லா மூலையையும் கூட்டினால் வந்திருந்தவர்களில் ஒரு தலை குறைந்தது. திரும்பவும் எண்ணினேன், திரும்பவும் குறைந்தது. அப்போதுதான் சமையலறை வாசலில் உங்கள் தங்கை ஈரத்துண்டும் கையுமாக நிற்பதைப் பார்த்தேன். தட்டு எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"லவோன், எண்ணிக்கிட்டிருக்கேன். ஒரு பக்கமாப் போய் நில்லு" என்றேன்.

"நிக்கிறேனே."

"எங்க?"

"இங்கதான். ஃபோர்டு."

மச்சான், உங்களிடம் மறைப்பதற்கில்லை, முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரைச் சொல்கிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஜெரால்டு ஃபோர்டு! ஜனாதிபதியாக ஒரு தேர்தலும் ஜெயிக்காதவர். அவருக்கு ஒரு மூலை வேண்டும் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, மூலையும் மீதி இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் தங்கையை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அவள் துண்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் இருவரில் அவள் யார் பக்கம் வருகிறாளோ அந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது ஹார்லனுக்கு எனக்கு முன்னால் புரிந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு போட்டுச் சுட்ட இனிப்புத் துண்டு ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு ஓடினான். "வாங்க லவோனக்கா, இங்க வெதுவெதுன்னு இருக்கு, நாற்காலி போட்டுத் தாரேன்" என்றான். மார்ஜீன் பியானோவிலிருந்து, "நம்ம பொம்பளைங்கல்லாம் இந்தப் பக்கம், லவோன்!" என்று குரல் கொடுத்தாள். ஐசனோவர் பக்கமிருந்து ஒருவர் காபி கொண்டுவந்து நீட்டினார், உங்கள் தங்கை காலையிலிருந்து காய்ச்சிய அதே காபியை. அந்த எலுமிச்சைத் துண்டும் அவள் செய்ததுதான். அவள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். என் பக்கத்து ஆட்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். "யோவ் தலைவரே, வேடிக்க பாக்குற? போய்க் கூப்பிடுய்யா உன் சம்சாரத்த!"

போனேன். தணிந்த குரலில்தான் பேசினேன்.

"என்னம்மா இது? தனியா நின்னு மானத்த வாங்குற. வா அந்தப் பக்கம்."

"எதுக்கு?"

"எதுக்கா? இத்தன வருஷம் நம்ம கூட்டத்துல நான் நிக்கிற பக்கந்தானே நின்ன?"

"கார் சாவி உங்ககிட்ட இருந்துச்சு" என்றாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் பொறுமை இழக்கவில்லை. "ஃபோர்டுகிட்ட அப்படி என்னத்தக் கண்ட?" என்று கேட்டேன்.

"யாரும் அவர ஓட்டுப் போட்டுக் கூப்பிடல. இன்னொருத்தன் கொட்டிட்டுப் போன குப்பைய வாரச் சொன்னாங்க, வாரினாரு. வாரி முடிச்சதும் போதும் போன்னாங்க, போயிட்டாரு. முகத்தத் தூக்கி வச்சுக்கல. காலையில தன் ரொட்டியத் தானே வாட்டிக்கிட்டாராம், பேப்பர்ல படம் போட்டிருந்தான். எனக்குப் புடிச்சுது" என்றாள்.

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அந்த இடத்தில் விட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் என்னை உங்களுக்குத் தெரியும். "பதவிய விட்டு ஓடின அந்த நிக்சனுக்கு மன்னிப்புக் குடுத்தாரே, அத மறந்துட்டியா?" என்றேன்.

"மறக்கல. நானுந்தான் எத்தனையோ மன்னிச்சிருக்கேன். அதுக்கு எனக்கும் ஓட்டு விழல" என்றாள். பிறகு, கோபமாக இல்லை, நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி, "எனக்கு யாரப் புடிக்கும்னு இதுவரைக்கும் ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

பதில் இல்லாத நேரத்தில் மனிதனுக்குக் கைகொடுப்பது விதி ஒன்றுதான். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத கூட்டம் செல்லாது, கலைய வேண்டும். அது நான் போட்ட விதியல்ல. நடுவில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஃபோர்டு கூட்டம் செல்லாது. கலைஞ்சு வேற கூட்டத்துல சேரணும், இல்லன்னா கணக்குல வராது" என்று அறிவித்தேன். வேறு எவராயிருந்தாலும் அப்படித்தான் அறிவித்திருப்பேன். விதிக்கு மனைவி மக்கள் கிடையாது.

உங்கள் தங்கை கிட்டே வந்து அந்த ஈரத்துண்டை என் தோளில் போட்டாள். "சரி. செல்லுபடியாகிற கூட்டமே தட்டக் கழுவட்டும்" என்றாள். மேல்சட்டையை மாட்டினாள், என் சட்டைப் பையிலிருந்து பிக்கப் வண்டிச் சாவியை எடுத்தாள், படியேறிப் போய்விட்டாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ட்ரூமனையும் ரீகனையும் இன்னொரு தடவை எண்ணினேன். மறுபடியும் சமமாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டுகளை யாரும் தொடவில்லை. சமையலறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஹார்லனும் நானும்தான் கழுவினோம். உருளைக்கிழங்கு ஒட்டிய தட்டைச் சுரண்டிக்கொண்டே அவன், "பெரிய தட்டு எந்த அலமாரில போகும்?" என்று கேட்டான். தெரியவில்லை. அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன் நான், எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பியானோவின் மேல் அடுக்கிவிட்டு வந்தோம். அவன் தன் வண்டியில் என்னை வீட்டில் இறக்கிவிட்டான், வழியெல்லாம் "தலைவரே, கணக்கு சரியா வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வீட்டில் விளக்கு எரியவில்லை. நீங்கள்தான் பிறகு கூப்பிட்டு, அவள் அங்கே வந்து சேர்ந்தாள் என்று சொன்னீர்கள். அதற்கு நன்றி.

வீட்டில் நான் நன்றாகத்தான் சமாளிக்கிறேன். மாட்டிறைச்சி நூடுல்ஸ் டப்பா ஒன்றை அடுப்பில் வைத்தேன், அதன் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கும் எழுதியிருக்கவில்லை. ஹார்லன் கொடுத்த சிவப்புத் தொப்பியை உள்ளாடைகளோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன், இப்போது நீளக் காலுறை முதல் பனியன் வரை எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாக ஒற்றுமையாக இருக்கின்றன. வீட்டில் மிச்சமிருக்கும் காரின் பேட்டரியும் குளிரில் செத்துவிட்டது. அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுவருவார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா காலமானபோது உங்கள் வீட்டில் பாத்திரம் வைக்க இடமில்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தவன். பெண்டாட்டி செத்தால் ஊரே பாத்திரம் பாத்திரமாகச் சமைத்துக் கொண்டுவரும், பெண்டாட்டி அண்ணன் வீட்டுக்குப் போனால் ஒரு ரொட்டித் துண்டுகூட வராது என்பதை இப்போது தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கீழே போனால் காபி இல்லை. எங்கள் கோயிலின் சரித்திரத்தில் இப்படி நடந்ததில்லை. "யாரு போடுறது? நாங்கல்லாம் செல்லாத கூட்டம்" என்றாள் மார்ஜீன். கார்ட்டரின் கட்சிக்காரி, பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்டரம்மா என்னைத் தனியே அழைத்து, தவக்காலம் வருகிறது, புதன்கிழமை தோறும் சூப் விருந்து இருக்கிறது, அதற்குள் எப்படியாவது ஒரு வழி பண்ணுங்கள் என்றாள். "மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றும் கேட்டாள். விதியைச் சரியாக நடத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். போதகர்களுக்குச் சட்டம் தெரியாது.

ஆகையால் மச்சான், என் நிலையைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தவறு செய்யவில்லை. எண்ணிக்கை சரி, விதி சரி, அறிவிப்பும் சரி. கூட்டத்தலைவனாக இருந்தவன் இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை, அதனால் நான் அங்கே வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள்தான் மூத்தவர் என்ற முறையில் எடுத்துச்சொல்லி அவளை அனுப்ப வேண்டும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். பூனை ஏங்குகிறது என்று சொல்லலாம். அது பொய்யில்லை. காலையில் செய்தித்தாளைப் படித்து, ஏதாவது முட்டாள்தனமாக இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன், வாசித்து முடித்த பிறகுதான் எதிர் நாற்காலியில் யாருமில்லை என்பது ஞாபகம் வருகிறது. நாள் முழுவதும் நான் சொல்வதே சரியாக இருக்கிறது, மறுத்துப் பேச ஆளில்லை. இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை. உங்கள் தங்கை இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை, மச்சான். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் முழங்காலுக்குச் சுகமும், உங்கள் கூரைக்குப் பனியின் பாரம் குறைவும், வரப்போகும் விதைப்புக்கு நல்ல ஈரமும் ஆண்டவர் அருள்வாராக. பக்கத்து வீட்டு ஸ்வென்சன் தம்பதிக்கும், எனக்கு இன்னமும் துளைக்கருவி திருப்பித் தராத உங்கள் மகன் கீத்துக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மரியாதையுள்ள மாப்பிள்ளை,
வெர்லின் ஹாக்ஸ்டட்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. ஹார்லன் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். உங்கள் வீட்டு வாசலில் அவன் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்க, மடியில் வைத்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். உள்ளே வந்ததும் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்து, மிக அவசரம், இப்போதே படிக்க வேண்டும் என்று சொல்லப்போகிறேன். நீங்கள் இங்கே, இந்த வரியில் இருக்கிறீர்கள் என்றால் நான் உங்கள் சமையலறையில் லவோன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். ட்ரூமனைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. அவளுக்கு யாரைப் பிடிக்கும், எதைப் பிடிக்கும் என்று கேட்கத்தான் வந்தேன். ஜனாதிபதிகள் பற்றி மட்டுமல்ல. பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று பயப்படுகிறேன், இத்தனை வருஷத்துப் பாக்கி. கடிதத்தை இவ்வளவு நீட்டி எழுதியதும் அதற்காகத்தான். போதவில்லை என்றால் ஐசனோவர் வருகிற பகுதியை இன்னொரு தடவை படியுங்கள், உங்களுக்குப் பிடிக்கும். தயவுசெய்து, மச்சான், இன்னும் கொஞ்ச நேரம் தலையைத் தூக்காதீர்கள்.